ஏழாம் நம்பர் குளிர்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. உடம்பு சரியில்லையா, வெளியூரா, ஆசிரியரோடு சண்டையா என்று கார்டு போட்டுக் கேட்டவர்களுக்கு நன்றி. மூன்றும் இல்லை. காரணம் ஒரு வெள்ளரிக்காய்.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். குடியிருப்பது விழுப்புரம், வேலை திண்டிவனத்தில். காலையில் ரயில், மாலையில் ரயில். எங்கள் வீட்டில் காய்கறி என் இலாகா. ஆபீஸ் விட்டதும் திண்டிவனம் மார்க்கெட்டில் நுழைந்து, பையை நிரப்பிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். என் மனைவி ராஜிக்கு என் தேர்வில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. "பாத்து வாங்குனீங்களா, பேசிக்கினே வாங்குனீங்களா?" என்று பையை வாங்கும்போதே கேட்பாள்.

போன வருஷம் வரை அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கினேன். அப்புறம் ஃப்ரிட்ஜ் வந்தது.

அது காய்கறிக்காக வந்ததல்ல. எங்கள் ஒரே பெண் உமா ஒன்பதாவது படிக்கிறாள். பதினோரு வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. ஊசி தவறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தச் சின்ன பாட்டிலை மூன்று வருஷம் மண்பானையில், ஈர மணலில் புதைத்து வைத்துக் காப்பாற்றினோம். விழுப்புரம் வெயில் தெரியுமில்லையா? சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். பயந்துபோய்த்தான் ஃப்ரிட்ஜ் வாங்கினோம்.

விரல் நீளம்கூட இல்லாத ஒரு பாட்டிலுக்கு இடுப்புக்கு மேல் உயரமான ஒரு பெட்டி. மிச்ச இடம் சும்மா கிடக்கலாமா? கிடக்கத்தான் விடுவோமா? மருந்துக்காக வந்த வீட்டில் காய்கறி குடியேறியது.

சனிக்கிழமை ஒரே நடையில் வாரம் முழுவதற்கும் வாங்க ஆரம்பித்தேன். இப்போது எல்லாக் கடையிலும் கண்ணாடி மாதிரி பாலிதீன் பை வருகிறதே, அதில் ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பேண்ட் போடுவேன். ஒரு மணி நேரம் ரயிலில் வரும். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் கழுவி, ஈரத்தோடு மறுபடி அதே பையில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் திணிப்பேன். முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கதவு மூடும். எவ்வளவு திருப்தி தெரியுமா அந்தத் தள்ளு...

செவ்வாய்க்கிழமை கீரை கறுத்துவிடும். புதன்கிழமை வெண்டைக்காய் வழவழ. வியாழக்கிழமை அவரைக்காய்ப் பையின் அடியில் மஞ்சளாக ஒரு தண்ணீர். கூடையில் சும்மா கிடந்த காலத்தில்கூட இப்படி ஆனதில்லை.

ராஜி என்னைக் குறை சொன்னாள். நான் ஃப்ரிட்ஜைக் குறை சொன்னேன். சரியாகக் குளிரவில்லை என்பது என் கட்சி. தினம் காலையில் ஆறு மணிக்குக் கரண்ட் போய், எட்டு எட்டரைக்குத்தான் வருகிறது. அப்புறம் எப்படிக் குளிரும்?

உள்ளே ஒரு திருகு உண்டு. ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருக்கும். பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் அதை மூன்றில் வைத்து, தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜி திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்த சமயம், நான் அதை ஏழுக்குத் திருப்பினேன். மூன்றில் கெடுகிறது என்றால் ஏழில் கெடாது. நியாயம்தானே?

அதோடு நின்றிருக்கலாம். உமாவின் மருந்து கதவுத் தட்டில் இருந்தது. காய்கறிக்கே இந்தக் கதி என்றால் மருந்துக்கு? கதவை ஆளாளுக்குத் திறக்கிறோம், வெளிக்காற்று படுகிறதே... அந்த பாட்டிலை எடுத்து, மேலே ஐஸ் பெட்டிக்கு அடியில், உட்சுவரை ஒட்டி வைத்தேன். வீட்டிலேயே குளிர்ந்த இடம் என் மகளின் மருந்துக்கு.

மருந்தை இடம் மாற்றியதை இருவரிடமும் சொன்னேன். திருகைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. காய் கெடாமல் இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

காய் முன்னைவிட மோசமாகக் கெட்டது. கீரை வெந்தது போல் துவண்டது. தக்காளி தொட்டால் தோல் கழன்றது. நல்ல பிஞ்சாகப் பார்த்து வாங்கிய வெள்ளரிக்காய் மூன்றாம் நாள் கண்ணாடி நிறமாகி, அழுத்தினால் தண்ணீர் விட்டது. ஏழில் வைத்தும் கெடுகிறது என்றால் குற்றம் யாருடையது? விற்றவருடையதுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்த வெள்ளரிக்காயைக் காகிதத்தில் சுற்றித் திண்டிவனத்துக்கே எடுத்துப் போனேன். நான் வழக்கமாக வாங்குவது பச்சையம்மாவிடம். என் வயதுதான் இருக்கும். மார்க்கெட் வாசலில் இரண்டு ஈரச் சாக்கு, ஒரு தராசு. அவ்வளவுதான் கடை. வெள்ளரிக்காயைத் தராசுத் தட்டில் வைத்து, அழுகலை விற்கிறாயே என்று நாலு பேர் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

பச்சையம்மா அதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சாக்குக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து என் மூக்குக்கு நேராக ஒடித்தார். படக்கென்று சத்தம் வந்தது.

"ரெண்டும் ஒரே வண்டில வந்த காயி. எங்கிட்ட ஃப்ரிஜ்ஜு கூட இல்ல. இது எப்டி கீது பாரு, அது எப்டி கீது பாரு."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இத ஐஸ்ல வெச்சியா சார்? ஒரு தபா மரக்காணத்து மீன்காரம்மா ஐஸ் பொட்டி மேல என் கூடய வெச்சிட்டேன். இதே மாரி தான் தண்ணியா பூடுச்சி."

ஐஸில் வைக்க நான் என்ன மீன் வியாபாரியா, வைத்தது ஃப்ரிட்ஜில் என்று சொன்னேன். வித்தியாசம் தெரியாத மனுஷி என்கிற தோரணை வேறு.

"என் கடையில கெடல சார். உன் ஊட்லதான் கெடுது. என்னாண்ட கத்திக்கினு இருக்காம ஊட்டப் போய்ப் பாரு."

பார்த்தேனா? இல்லை. வேறு கடையில் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

அந்த வாரம் வீட்டில் பார்ப்பதற்கு வேறு விஷயம் இருந்தது. சர்க்கரைக்காரர்கள் வீட்டில் காலையில் ஒரு சடங்கு உண்டு. டெஸ்ட் ட்யூபில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை பரவாயில்லை. மஞ்சள் வந்தால் கவனம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எப்போதும் பச்சையோடு நிற்கிற உமாவின் ட்யூப் அந்த வாரம் மஞ்சளுக்குப் போனது, ஆரஞ்சுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை செங்கல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முந்தின வாரம் பௌர்ணமிக்கு என் தங்கை அவளைத் திருவக்கரை கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தாள். அங்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருப்பார்கள். உமாவைக் கூப்பிட்டு, அன்று காலை வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை முன்னாலேயே, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"கைல வாங்கி அத்தகிட்ட குடுத்துட்டேன்ப்பா. நான் திங்கல."

தங்கையைப் பார்த்தேன். கூட்டத்தில் யார் பார்த்தது, ஞாபகமில்லை என்று அவள் கழன்றுகொண்டாள்.

"பொய் சொல்லாத உமா. நீ சொல்லலாம், ட்யூப் பொய் சொல்லாது" என்றேன்.

அவள் அழவில்லை. விளக்கை ஊதி அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை ஊசி போட்டுக்கொள்ளும்போது என்னிடம் வந்து, மருந்து என்னவோ திரிந்த பால் மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அந்த மருந்து எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டிவிட்டுப் போட வேண்டும். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், சாக்குச் சொல்லாதே, நன்றாக உருட்டு என்றேன்.

வியாழக்கிழமை காலை வீட்டில் ஒரு வாசனை. கனிந்து, கனிந்ததற்கும் மேலே போன பழத்தின் வாசனை. காய்கறி இலாகா மந்திரி அல்லவா, எனக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. உமா படுத்திருந்த அறையில்தான் அதிகம். பள்ளிக்கூடம் வேண்டாம், வயிறு வலிக்கிறது என்று சுருண்டிருந்தாள். நான் அவள் கட்டிலுக்கு அடியில் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் கொய்யாப்பழம் உருண்டிருக்கிறதா என்று பார்த்தேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். வாழைப்பழச் சீப்பை எடுத்து ஒவ்வொன்றாக மோந்தேன். எதுவும் அழுகவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாயந்திரம் வந்து தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"உமாவுக்கு வாந்தி நிக்கல சார், மேல்மூச்சு வாங்குது. உங்க ஊட்டம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க. ஜல்தியா வாங்க."

அந்த நேரத்தில் ரயில் இல்லை. பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள், ரோட்டை அடைத்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. மாடுகளுக்கு என்ன அவசரம்? கண்டக்டர் இறங்கிக் கத்திப் பார்த்தார். நானும் இறங்கினேன். இறங்கி என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். பஸ் என்னைப் பிடித்து ஏற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உமாவுக்குக் கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது. நெஞ்சு அவ்வளவு வேகமாக ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த அறையிலும் அதே வாசனை. யாரோ பழம் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சுற்றிலும் பார்த்து, டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"பழம் இல்ல சார். அது உங்க பொண்ணோட மூச்சு."

இன்சுலின் வேலை செய்யாதபோது உடம்பால் சர்க்கரையை எரிக்க முடியாது, கொழுப்பை எரிக்கும், அதனால் வருகிற விஷத்துக்கு இந்த வாசனை உண்டு என்று விளக்கினார். மிச்சம் எதுவும் என் காதில் விழவில்லை. என் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் குப்பைக்கூடையைக் கிளறியிருக்கிறேன்.

இரண்டு நாள் அவள் கண் திறந்து சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளை எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் வீட்டு மருந்தைக் கேட்டார். ராஜி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினார். மறுபடி பிடித்தார். கண்ணாடியில் உப்புத்தூள் ஒட்டியது போல் ஒரு படலம், அடியில் திப்பி திப்பியாக.

"இது ஐஸ் ஆயி கரைஞ்ச மருந்து. ஒரு தடவ உறைஞ்சா அவ்ளோதான், போட்டும் பிரயோஜனமில்ல. எங்க வெச்சிருந்தீங்க?"

ஃப்ரிட்ஜில்தான், ஐஸாக ஒரு நாளும் பார்க்கவில்லையே என்றாள் ராஜி. எப்படிப் பார்ப்பாள்? ராத்திரி முழுக்க ஏழாம் நம்பர் குளிர். காலை ஆறு மணிக்குக் கரண்ட் போகும். ஏழரை மணிக்கு உமா கையில் எடுக்கும்போது மருந்து உருகியிருக்கும். வெள்ளரிக்காயும் அப்படித்தான் தினம் உறைந்து, தினம் உருகி, உள்ளே நார் நாராக விட்டுப்போயிருந்தது. சில பெட்டிகள் இப்படித்தான், கூடுதலாகக் குளிரும் என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். துண்டு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து, திருகை மூன்றுக்குத் திருப்பி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் உமா வீட்டுக்கு வந்தாள். புது மருந்து, பழைய இடம். ட்யூப் பச்சைக்குத் திரும்பியது. எல்லாரும் பெட்டியைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

திரும்ப ஆபீஸ் போன முதல் சாயங்காலம் என் கால் பச்சையம்மாவிடம் போய் நின்றது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் ஆரம்பித்ததும் திருகு, மருந்து, ஆஸ்பத்திரி, பொங்கல் என்று மொத்தமும் வந்துவிட்டது. அவர் ஒரு கையால் கீரையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். பழுத்த இலை ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"என்னாண்ட கத்தினது ஒண்ணும் இல்ல சார். நானும் திருப்பிக் கத்திட்டேன். அந்தப் புள்ள திருப்பிக் கத்துச்சா?"

அவர் என் பாலிதீன் பையைப் பிடுங்கி, ரப்பர் பேண்டை உருவிக் கீழே போட்டார். காய்க்கும் மூச்சு உண்டாம். நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்த காயைக் கழுத்தை நெரித்துக் கட்டி, ரயில் புழுக்கத்தில் கொண்டுபோய், மறுபடி ஈரத்தோடு கட்டினால் அது தன் வேர்வையிலேயே அழுகாமல் என்ன செய்யும்? துணிப்பையில் போடு, ஈரம் உலர்ந்த பிறகு வை, அடைக்காதே, ஒன்று அழுகினால் அதை உடனே தூக்கிப் போடு. தன் சாக்கு ஈரமாக இருந்தாலும் காற்றோட்டமாக இருப்பதாகவும், ஒரு நாளில் பத்துத் தடவை காயைப் பிரித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். கடைசியில், "அதெல்லாம் வாணாம், தெனம் வாங்கு. எனக்கும் யாவாரம் ஆவும்" என்று தராசை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உமா தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவனுக்கு வாக்கியம் கிடைக்கவில்லை. திருகை ஏழுக்கு வைத்தது நான்தான், மருந்து கெட்டது என்னால்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ராஜி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

உமா சீப்பிலிருந்த முடியை நிதானமாக உருவினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் பொங்கல் திங்கலன்னு இப்ப நம்புறியா?"

இத்தனை நாளும் அவளுக்குள் இருந்தது அதுதான். ஊசியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. நம்புகிறேன் என்றேன்.

"அத்த இருக்கும்போதுதான கேட்ட. அத்தகிட்டயும் சொல்லு."

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே தங்கை வீட்டுக்குப் போனேன். உமாவும் கூட வந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேனா என்று பார்ப்பவள் போல. திரும்பும் வழியில், மருந்தை இனி தானே பார்த்துக்கொள்வதாகவும், திருகை நான் தொடக்கூடாது என்றும் அறிவித்தாள். பதவி இறக்கம்தான். ஒப்புக்கொண்டேன்.

இப்போது தினம் அரைக் கிலோ, கால் கிலோ என்றுதான் வாங்குகிறேன். காய் கெடுவது நின்றுவிட்டது. எனக்குள்தான் ஏதோ நிற்கவில்லை. ஆபீசில் போன் அடித்தால் யாருக்கானாலும் நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன். ரயிலில் யாராவது பலாச்சுளையைப் பிரித்தால் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுகிறேன். இன்று காலைகூட உமா என்னவோ கேட்க வந்தாள். சரியாகக் காதில் விழாத மாதிரி குனிந்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன்.

"பல்லு வெளக்கிட்டேன்ப்பா. போ" என்றாள்.